பழத்தின் பெயரால் ஒரு பரிகாரம்

மதியம் கீரையையும் கேரட்டையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்துபோன பிள்ளைக்கு, மாலையில் ‘பழமும் காய்கறியும் கலந்தது’ என்று அச்சிட்ட குச்சி ஐஸ் ஒன்றை வாங்கிக் கொடுக்கிறோம். எப்படியோ கொஞ்சம் காய் உள்ளே போய்விட்டது என்று மனம் ஆறுகிறது. இதைச் சத்துணவு என்று நான் ஒப்ப மாட்டேன். இது பரிகாரம். செய்யாமல் விட்டதைக் காசு கொடுத்து ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கைக்குத்தான் பரிகாரம் என்று பெயர். சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றுகிறவரிடம் ‘ஆதாரம் என்ன?’ என்று கேட்கத் துணிந்தவர்கள் நாம். சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரைத் திறக்கும்போது அந்தக் கேள்வியை ஏன் வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம்?

அமெரிக்கக் கடைகளில் பழமும் காய்கறியும் கலந்த இந்த உறைந்த பார்கள் பல ஆண்டுகளாக விற்கின்றன. நம் பெருநகரங்களிலும் பழ பார்கள் ஃப்ரீசரில் தனி வரிசை பிடித்துவிட்டன. அட்டையில் வெட்டிவைத்த மாம்பழம், பனித்துளியோடு ஸ்ட்ராபெரி, மண் கழுவிய கேரட். இவற்றில் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், நம் பக்கத்து மூடநம்பிக்கை ஒன்றை முதலில் தள்ளிவைக்க வேண்டும்.

‘ஃப்ரிட்ஜில் வைத்தது செத்த உணவு, உறைந்ததில் உயிர்ச்சத்து ஏது?’ என்று பெரியவர்கள் மட்டுமல்ல, இயற்கை உணவு பேசும் இளைஞர்களும் சொல்கிறார்கள். இது தவறு. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1910-களில் லாப்ரடார் பகுதியில் தங்கியிருந்தபோது, அங்குள்ள இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடிகளில் உறைந்துபோவதையும், மாதங்கள் கழித்து உருக்கினாலும் அதன் சுவை கெடாததையும் கவனித்தார். விரைவாக உறைந்தால் பனிப்படிகங்கள் சிறிதாக இருக்கும், திசு சிதையாது. அந்த அறிவை அவர் இயந்திரமாக்கினார். 1930 மார்ச்சில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் உறைந்த உணவு சில்லறை விற்பனைக்கு வந்தது. பறித்த சில மணி நேரத்தில் உறையவைத்த பட்டாணியில், நான்கு நாள் லாரியிலும் சந்தையிலும் வாடிய பட்டாணியைவிட வைட்டமின் சி அதிகமாக இருக்கலாம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் எட்டு வகைக் காய்களையும் பழங்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்தில் குளிர்பதனத்தில் இருந்ததற்கும் உறைந்ததற்கும் வைட்டமின் சி அளவில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. மூன்றில் உறைந்ததே மேல். கேரட், பட்டாணி, கீரை போன்றவற்றில் பீட்டா கரோட்டின் குறைந்ததையும் அதே ஆய்வு சொன்னது. உண்மை இப்படித்தான் இருக்கும், ஒரு பக்கமாகச் சாயாமல்.

ஆகவே குளிரின் மீது பழி போடாதீர்கள். ஐஸ் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்பதையும் விட்டுவிடுங்கள். சளியைக் கொண்டுவருவது வைரஸ். வெட்டி உறையவைத்த வெறும் மாம்பழத் துண்டு நல்ல உணவு. உறைந்த பழத்துக்கும் பழம் என்று சொல்லிக்கொள்ளும் பாருக்கும் இடையில்தான் ஏமாற்று நடக்கிறது. உறைந்த பழத்தின் நற்பெயரை பார் இரவல் வாங்கிக்கொள்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பாரை டம்ளரில் போட்டு முழுக்க உருகவிட்டு, வெளிச்சூட்டுக்கு வந்தபின் ஒரு வாய் குடியுங்கள். குச்சியில் இதமாகப் புளித்து இனித்த அதே பொருள், உருகியபின் பாகாகத் தித்திக்கும். காரணம் நாக்கில் இருக்கிறது. இனிப்பை உணர்வதில் பங்குள்ள டிஆர்பிஎம்5 என்ற புரதம் சூட்டில் சுறுசுறுப்பாகவும் குளிரில் மந்தமாகவும் வேலை செய்கிறது. 2005-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு இதை விளக்கியது. ஐஸ் போலக் குளிர்ந்த ஒன்று இனிப்பாகத் தோன்ற வேண்டுமானால் சர்க்கரையை அள்ளிப் போட்டாக வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. சர்க்கரை நீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. அது இல்லாவிட்டால் பார் கல்லாக இறுகிவிடும், பல் இறங்காது. எனவே சர்க்கரை அங்கே சுவைக்காகச் சேர்த்த கூடுதல் பொருள் மட்டும் இல்லை, அந்தப் பண்டத்தின் கட்டுமானமே அதுதான். ‘சத்தான’ பார் செய்ய நினைக்கும் நேர்மையான உற்பத்தியாளர்கூட இந்த இயற்பியலிலிருந்து தப்ப முடியாது.

இனி அட்டையைத் திருப்புங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, சேர்மானங்களை எடையில் மிகுந்தது முதலில் வருமாறு இறங்கு வரிசையில் எழுத வேண்டும். மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்க நமக்கு ஒரு நிமிடம் போதும். பல பார்களில் முதலில் நிற்பது தண்ணீர். அடுத்து பழக்கூழோ சர்க்கரையோ வருகிறது. கேரட், பீட்ரூட், பூசணி எல்லாம் பெரும்பாலும் வரிசையின் கடைசிப் பகுதியில், சில சமயம் நிறத்துக்காக மட்டும் சேர்த்த சாறாக நிற்கும். ஒரு பாரில் 60 முதல் 100 கலோரி, 12 முதல் 20 கிராம் சர்க்கரை, நார்ச்சத்து ஒரு கிராமுக்கும் கீழே, புரதம் ஏறக்குறைய இல்லை என்று இருப்பது மிகச் சாதாரணம். சாக்லேட் பூசிய ஐஸ்கிரீம் ஒன்றில் 200 கலோரிக்கு மேலும் நிறைய கொழுப்பும் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இது எளிய இனிப்பு, மறுக்கவில்லை. இனிப்பு என்ற வரிசையில் நல்ல இடம் பெறும் ஒன்றை, காய்கறி வரிசையில் கொண்டுபோய் உட்காரவைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கணக்கும் கடினமானதல்ல. தனிச் சர்க்கரை, அதாவது சேர்த்த சர்க்கரையும் சாறு, தேன் போன்றவற்றின் சர்க்கரையும், ஒருவரின் நாள் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. நாளுக்கு 1400 கலோரி சாப்பிடும் சிறு குழந்தைக்கு அந்த 5 சதவீதம் 17, 18 கிராம்தான் வரும். ஒரே பார் அந்தக் கணக்கை ஏறக்குறைய முடித்துவிடும். காலையில் குடித்த சத்துமாவுப் பானமும் பள்ளியில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த மிட்டாயும் அதற்கு மேல்.

‘எங்கள் பாரில் சர்க்கரையே இல்லை, பழத்தின் இனிப்பு மட்டும்தான்’ என்பவர்களும் உண்டு. அவற்றில் சிலவற்றின் சேர்மானத்தில் ஆப்பிள் அல்லது திராட்சைச் சாற்றின் செறிவு இருக்கும். ஆப்பிள் சாற்றில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை. அதைத் தெளியவைத்து, நீரை ஆவியாக்கி, எழுபது பங்கு வரை ஏற்றிய பாகுதான் செறிவு. நார் இல்லை, தோல் இல்லை, பழத்தின் மணம்கூடப் பெரும்பாலும் போய்விடும். கரும்பைப் பிழிந்து காய்ச்சினால் சர்க்கரை, ஆப்பிளைப் பிழிந்து காய்ச்சினால் ஆரோக்கியமா? உலக சுகாதார நிறுவனம் இந்தச் செறிவையும் தேனையும் பழச்சாற்றையும் தனிச் சர்க்கரைக் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு பகுதியை ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும். பத்து சதவீதமோ அதற்குக் குறைவாகவோ பழம் இருந்தாலே ‘பழக்கூழில் செய்தது’ என்று எழுதிக்கொள்ள அனுமதி உண்டு என்றும், ‘உண்மையான பழம்’ என்ற உரிமைகோரலோடு வருவதில் பத்து சதவீதம் பழச்சாறு மட்டுமே இருக்கக்கூடும் என்றும் அது எச்சரித்தது. அடுத்த மாதமே, செறிவிலிருந்து கரைத்துச் செய்த சாறுகளின் மீது ‘100% பழச்சாறு’ என்று எழுதுவதை நீக்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதாவது அதுவரை அப்படித்தான் எழுதி விற்றார்கள், நாமும் வாங்கினோம். சட்டம் அனுமதித்தது என்பதால் அது உண்மையாகிவிடாது.

இங்கே எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை ஒன்று தலைநீட்டும். 412, 410, 330, 300 என்று அட்டையில் எண்களைப் பார்த்ததும் ‘கெமிக்கல், விஷம்’ என்று அலறும் காணொளிகள் ஏராளம். 412 என்பது குவார் பிசின். கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. 330 எலுமிச்சையிலும் உள்ள சிட்ரிக் அமிலம். 300 வைட்டமின் சி-யேதான். இவற்றால் உங்கள் குழந்தைக்குக் கேடில்லை. எண் போட்டதைக் கண்டு பயப்படுகிறோம். ‘சர்க்கரை’ என்று நமக்குத் தெரிந்த பெயரில் எழுதியிருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆபத்து பழகிய பெயரில் வந்தால் அறிவு தூங்கிவிடுகிறது. ‘வைட்டமின் சி நிறைந்தது’ என்ற வாசகத்துக்கும் பல நேரம் இதே 300-தான் காரணம். அந்த வைட்டமின் பழத்திலிருந்து வந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆலையில் ஒரு டப்பாவிலிருந்து வந்திருக்கலாம்.

சரி, பத்து சதவீதம் வேண்டாம். பாதிக்கு மேல் பழக்கூழே உள்ள நல்ல பார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது பழமா? 1977-இல் லான்செட் இதழில் பிரிட்டனின் பிரிஸ்டலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பத்துப் பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்து வரும்படி ஆப்பிளை மூன்று வடிவில் கொடுத்தார்கள்: முழுப் பழம், கூழ், சாறு. சாறு முழுப் பழத்தைவிடப் பதினோரு மடங்கு வேகமாக உள்ளே போனது. வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்தில் அதிகம், கூழில் குறைவு, சாற்றில் அதைவிடக் குறைவு. சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, பின்பு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கியது. முழுப் பழம் தின்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. பழத்தில் சர்க்கரை செல் சுவருக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பல் கடித்து, வயிறு அரைத்து, குடல் பொறுமையாகத் திறக்க வேண்டிய பூட்டு அது. மிக்ஸியும் ஆலையும் அந்தப் பூட்டை முன்கூட்டியே உடைத்துவிடுகின்றன. பிரிட்டன் பொதுச் சுகாதாரத் துறை 2018-இல் வகுத்த வரையறையில் சாற்றோடு நிற்காமல், அரைத்த கூழின் சர்க்கரையையும் தனிச் சர்க்கரையில் சேர்த்தது இதனால்தான்.

உடலுக்கான கணக்கு இதுவரை. இனிச் சொல்வது ஒழுக்கத்தைப் பற்றியது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

காய்கறியை இனிப்புக்குள் ஒளித்துக் கொடுப்பது அன்பு என்று நம்புகிறோம். லீன் பர்ச், சூசன் சல்லிவன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத டோஃபு என்ற சோயாப்பால் கட்டியைப் பல வாரங்கள் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு இனிப்புப் போட்டு, இன்னொன்றுக்கு உப்புப் போட்டு, மூன்றாவதற்கு ஒன்றும் போடாமல். முடிவில் ஒவ்வொரு குழுவும் தனக்குப் பழகிய வகையை மட்டுமே விரும்பியது. இனித்த டோஃபுவுக்குப் பழகிய குழந்தை வெறும் டோஃபுவை ஏற்கவில்லை. ஆக, பீட்ரூட் கலந்த இனிப்பு ஐஸ் தின்னும் பிள்ளை பீட்ரூட் பொரியலுக்குப் பழகிக்கொண்டிருக்கவில்லை. இனிப்புக்குத்தான் பழகுகிறது. அதே பர்ச் போன்றவர்களின் ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன: வெறுத்த உணவையும், வற்புறுத்தாமல் பத்து முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வைத்தால் பல குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பத்து முறைக்கு வேண்டிய பொறுமை நம்மிடம் இல்லை. அந்த இடத்தில்தான் பரிகாரம் நுழைகிறது. நம் பொறுமையின்மைக்கான விலையைப் பிள்ளையின் நாக்கு கட்டுகிறது.

அதோடு ஒரு பொய்யும் சொல்கிறோம். ‘இதிலே பழம் இருக்கு, சாப்பிடு, நல்லது’ என்கிறோம். குழந்தைக்கு அட்டையைப் படிக்கத் தெரியாது. நம் வாயைத்தான் படிக்கிறது. இனிப்பானது எல்லாம் நல்லது என்று நல்ல மனிதர் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் இருபது வயதில் போய் ஆராய்ந்து முடிவெடு என்று சொன்னால் எப்படி எடுக்கும்?

பெயரை மாற்றிவிட்டால் பொருள் மாறிவிடும் என்று அரசுகளும் நடந்துகொண்டதுண்டு. 1981-இல் ரீகன் ஆட்சியில் பள்ளி உணவுக்கான பணத்தை வெட்டிய கையோடு, கெட்சப் போன்றவற்றைக் காய்கறிக் கணக்கில் சேர்க்க வழிசெய்யும் விதிகளை அமெரிக்க வேளாண் துறை முன்வைத்தது. நாடே கொதித்ததால் திரும்பப் பெற்றது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2011-இல், பீட்சாவில் தடவும் தக்காளி விழுதை அதன் உண்மையான அளவுக்கே கணக்கிட வேண்டும் என்று அதே துறை சொன்னபோது, உறைந்த பீட்சா நிறுவனங்களின் நெருக்கடியில் நாடாளுமன்றம் குறுக்கே விழுந்து தடுத்தது. எட்டில் ஒரு பங்கு கப் விழுது, அரை கப் காய்கறியாகவே நீடித்தது. நம்மூர்ச் சத்துணவில் 1989-இல் முட்டை வந்தபோது யாரும் அதைக் கூழாக்கி பிஸ்கட்டில் கலந்து கொடுக்கவில்லை. அவித்த முட்டை தட்டில் முழுதாக இருந்தது. வந்ததா வரவில்லையா என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். முழு உணவின் பெரிய நன்மைகளில் இதையும் சேர்ப்பேன்: அதில் திருட முடியாது.

கூழாக்கியதில் யார் யாரிடமிருந்து திருடுகிறார்கள் என்பது சுலபமாகத் தெரிவதில்லை. கிருஷ்ணகிரி, சித்தூர் பகுதியின் மாங்கூழ் ஆலைகளுக்குப் பெரும்பாலும் போவது பெங்களூரா மாங்காய். 2025 ஜூனில் அது கிலோ நான்கைந்து ரூபாய்க்கு இறங்கியது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று விவசாயிகள் போராடினார்கள். ஆந்திர அரசு ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் நிர்ணயிக்க வேண்டியிருந்தது. அந்த வேளையிலும் நகரத்து ஃப்ரீசரில் மாம்பழப் படம் போட்ட பாரின் விலை இறங்கவில்லை. நாம் ‘பழத்துக்கு’ என்று நினைத்துக் கொடுக்கும் பணம் பழத்தை விளைவித்தவனுக்குப் போய்ச் சேர்வதில்லை.

அந்த ஃப்ரீசர் இருக்கும் கடையின் அதே தெருவில் ஆயக்குடி கொய்யாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி; வளர்ந்த ஆணுக்கே நாள் ஒன்றுக்கு 80 மில்லிகிராம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நார்ச்சத்து ஐந்து கிராமுக்குக் குறையாது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் ஏற்க அந்த வைட்டமின் துணை செய்யும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு என்று 2023-இல் வெளிவந்த இன்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வு சொன்னது. ஒரு பக்கம் இரும்புப் பற்றாக்குறை, மறுபக்கம் சர்க்கரை மிகுதி. இந்த மாநிலத்தில் கொய்யாக்காரப் பெண்ணைத் ‘தூசி’ என்று தாண்டிப் போய், பாலித்தீன் உறைக்குள் இருப்பதைச் ‘சுத்தம்’ என்று வாங்குவதில் சுகாதார அறிவு மட்டும்தான் இருக்கிறதா? தீட்டுப் பார்த்த பழைய கண்ணின் மிச்சம் அதில் இருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. தூசி என்றால் வீட்டில் கழுவித் தின்னலாம். பாரில் உள்ள சர்க்கரையைக் கழுவ முடியாது.

தனிமனிதரைத் திட்டுவதோடு இது முடிய முடியாது. அலுவலகம் முடிந்து களைத்து வரும் தாய் ஒவ்வொரு அட்டையையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநீதி. சிலி நாடு 2016 ஜூனில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அந்த எச்சரிக்கை பெற்றவற்றில் குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் உருவங்களைத் தடைசெய்தது. பள்ளிகளில் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் முன்வைத்தது எச்சரிக்கையை அல்ல, நட்சத்திர மதிப்பீட்டை. அந்த வரைவில் பழமும் காய்கறியும் இருந்தால் சாதக மதிப்பெண் உண்டு. சர்க்கரைக்கு விழும் பாதக மதிப்பெண்ணை அது ஈடுகட்டும். பரிகாரத்தையே அரசு கணக்குப் புத்தகத்தில் எழுதுவதுபோல் ஆயிற்று. பொட்டலத்தின் முகப்பு லேபிள் குறித்த விதிகளை மூன்று மாதங்களில் இறுதிசெய்யும்படி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. நாம் கேட்க வேண்டியது நட்சத்திரம் கிடையாது. ‘சர்க்கரை மிகுதி’ என்ற இரண்டு சொல், தமிழில், முகப்பில், கறுப்பில்.

அது வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃப்ரீசரில் ஒரு பார் இருந்தால் எறிய வேண்டாம். வெயில் நாளில் பிள்ளைக்குக் கொடுங்கள், நீங்களும் தின்னுங்கள். கொடுக்கும்போது ‘இது மிட்டாய்’ என்று உண்மையைச் சொல்லிக் கொடுங்கள். இரவுச் சோற்றோடு, நேற்று வேண்டாம் என்று தள்ளிய அதே பீட்ரூட் பொரியலை ஒரு கரண்டி வையுங்கள். தள்ளினால் கோபிக்காமல் எடுத்துவிட்டு நாளைக்கும் வையுங்கள்.